வேறு வேறு பிராண்ட், ஒரே ஹப்: சேலம், ஏற்காடு வீடுகளில் இருந்து வரும் கேள்விகள்

பல்புக்கு ஒரு ஆப், பிளக்குக்கு ஒரு ஆப், ஃபேனுக்கு ஒரு ஆப் என்று போனில் ஐந்தாறு சேர்ந்த பிறகுதான் பலரும் ‘இதையெல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவர முடியாதா’ என்று கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள், கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே இருக்கின்றன. வரிசையாகப் படிப்பது நல்லது. முன்னால் சொன்னது பின்னால் திரும்ப வராது.

1. ஹப்னா என்னங்க? போன்ல ஆப் இருக்கே, அது பத்தாதா?

போனில் பட்டனைத் தொட்டால் அந்தக் கட்டளை பெரும்பாலும் கம்பெனியின் சர்வருக்குப் போய்விட்டுத்தான் உங்கள் ஹால் பல்புக்குத் திரும்பி வருகிறது. ஒரு கம்பெனியின் சர்வருக்கு இன்னொரு கம்பெனியின் பொருளைப் பற்றி எதுவும் தெரியாது. ஹப் என்பது வீட்டுக்குள்ளேயே இருக்கும் சின்னப் பெட்டி. பல பிராண்ட் பொருட்களோடும் அதுவே நேராகப் பேசும். ‘வாசல் கதவு திறந்தால் வராந்தா லைட் எரியட்டும்’ என்பது போன்ற விதிகளையும் அதுவே வைத்திருக்கும். கதவு சென்சார் ஒரு பிராண்டாகவும் லைட் வேறு பிராண்டாகவும் இருக்கலாம்.

2. அலெக்ஸா ஸ்பீக்கர் இருக்குதுங்க. அதுவே ஹப் தானே?

பாதி ஹப். ஒவ்வொரு பிராண்டின் ஸ்கில்லையும் (அந்த பிராண்டை அலெக்ஸாவோடு இணைக்கும் துணைச் செயலி) அலெக்ஸா ஆப்பில் சேர்த்தால் எல்லாப் பொருளும் ஒரே பட்டியலில் வந்துவிடும். ஆனால் வேலை நடப்பது இணையத்தின் வழியாக. நெட் போனால் ஸ்பீக்கர் கையை விரித்துவிடும். அலெக்ஸா ஸ்பீக்கர்களில் நான்காம் தலைமுறை எக்கோவுக்குள் ஜிக்பீ என்ற ரேடியோவுக்கான ஹப் உண்டு (விளக்கம் 3-ல்), சின்ன எக்கோ டாட்டில் கிடையாது. இரண்டும் உருண்டையாகத்தான் இருக்கும் என்பதால் பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

பத்து பல்பு, நாலு பிளக் என்று நிற்கும் வீட்டுக்கு அலெக்ஸாவோ கூகுள் ஹோமோ போதும். அதற்கு மேல் எதுவும் வாங்காதீர்கள். சென்சார், கீசர், மோட்டர் என்று ஆசை வளர்ந்தால்தான் கீழே உள்ளதெல்லாம் தேவைப்படும்.

3. வைஃபை, ஜிக்பீ, த்ரெட், மேட்டர்னு என்னென்னமோ போட்டிருக்கு. எது என்ன?

வைஃபை பொருள் நேராக ரூட்டரோடு சேரும், ஹப் வாங்க வேண்டியதில்லை. ஆனால் மின்சாரம் அதிகம் எடுக்கும் என்பதால் சின்ன பேட்டரி சென்சாருக்கு ஒத்துவராது. ஜிக்பீ குறைந்த மின்சாரத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும். கரண்டில் ஓடும் ஜிக்பீ பொருட்கள் சிக்னலை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கடத்தும். அதற்கு ஹப் கட்டாயம். த்ரெட்டும் அதே ரேடியோ வகைதான், அதற்கு ‘பார்டர் ரூட்டர்’ என்ற வாசல் வேண்டும். நான்காம் தலைமுறை எக்கோ, கூகுளின் இரண்டாம் தலைமுறை நெஸ்ட் ஹப், ஆப்பிளின் ஹோம்பாட் மினி ஆகியவற்றில் அது உள்ளேயே இருக்கிறது.

மேட்டர் ரேடியோ அல்ல, கம்பெனிகள் சேர்ந்து வகுத்த பொது விதிமுறை. முதல் பதிப்பு 2022 அக்டோபரில் வந்தது. வைஃபை மேலும் ஓடும், த்ரெட் மேலும் ஓடும். அதனால் பெட்டியில் மேட்டர் சின்னம் இருந்தால் மட்டும் போதாது, ‘த்ரெட் வழியாகவா, வைஃபை வழியாகவா’ என்றும் கடையில் கேளுங்கள்.

4. அப்ப எந்த ஹப் வாங்கறது?

ஒரே ஒரு கேள்வியை வைத்து முடிவு செய்யுங்கள்: நெட் இல்லாதபோதும் இது வேலை செய்யுமா? நம் ஊரில் மழைக்கு ஃபைபர் அறுந்தால் அரை நாள் போய்விடும். அந்த அரை நாளும் லைட் எரிய வேண்டும். பிலிப்ஸின் ஹியூ பிரிட்ஜ், அகாரா கம்பெனியின் ஹப் போன்றவை தங்கள் பொருட்களை நெட் இல்லாமலே இயக்கும். ஆனால் எல்லா பிராண்டையும் ஒரே கூரைக்குள் கொண்டுவர வேண்டுமானால் எங்கள் பரிந்துரை ஹோம் அசிஸ்டண்ட் என்ற இலவச மென்பொருள்தான். ஒரு சின்னக் கணினியில் இதைப் போட்டால் அந்தக் கணினியே உங்கள் ஹப்.

தேவையானவை: 4 ஜிபி நினைவகம் உள்ள ராஸ்பெர்ரி பை 4 என்ற கையளவுக் கணினி அல்லது பழைய மினி பிசி, 64 ஜிபிக்குக் குறையாத எஸ்எஸ்டி (சேமிப்பு டிரைவ்), சோனாஃப் போன்ற ஒரு யுஎஸ்பி ஜிக்பீ டாங்கிள் (ஜிக்பீ ரேடியோ உள்ள குச்சி), ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள், ரூட்டருக்கு லேன் கேபிள். மெமரி கார்டில் ஓட்டினால் ஓயாமல் எழுதி எழுதி அது தேய்ந்து போகும், எஸ்எஸ்டிக்குச் செலவழிப்பது வீண் அல்ல. பை 4-க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். போன் சார்ஜரைச் செருகினால் வோல்டேஜ் இறங்கி அடிக்கடி உறைந்து நிற்கும்.

ஹப்பை மெயின் சுவிட்ச் உள்ள இரும்பு டிபி பெட்டிக்குள்ளோ பரண் மேலோ வைக்காதீர்கள். இரும்பு சிக்னலை மறைக்கும், சேலத்துச் சித்திரை வெயிலில் பரண் சூட்டில் ராஸ்பெர்ரி பை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

5. ஏற்கெனவே வாங்கின வைஃபை பல்பு, பிளக்கெல்லாம் இதுல சேருமா?

பெரும்பாலும் சேரும், சேரும் விதம்தான் வேறு. விஸ் பல்பு, டாப்போ பிளக், ஹியூ பிரிட்ஜ் மூன்றும் ஹோம் அசிஸ்டண்டோடு வீட்டுக்குள்ளேயே பேசும். டாப்போ மறுத்தால் அதன் ஆப்பில் ‘மூன்றாம் தரப்பு இணக்கம்’ என்ற பொருளில் உள்ள அமைப்பை இயக்கிப் பாருங்கள். நம் கடைகளில் கிடைக்கும் பல பிராண்ட் பல்புகளுக்குள் இருப்பது டூயா என்ற கம்பெனியின் போர்டு. டூயாவின் அதிகாரபூர்வ இணைப்பு கிளவுட் (கம்பெனியின் சர்வர்) வழியாக ஓடும், நெட் போனால் நின்றுவிடும். ஒவ்வொரு பொருளின் ‘லோக்கல் கீ’ என்ற ரகசியக் குறியீட்டை எடுத்து நேராக இணைக்கவும் வழி உண்டு. ஆனால் பொருளை ரீசெட் செய்து மறுபடி சேர்த்தால் கீ மாறிவிடும், திரும்ப எடுக்க வேண்டும்.

6. பல்பு வாங்கறதா, சுவிட்சை மாத்தறதா?

சுவிட்ச். நம் வீடுகளில் கை தானாகச் சுவருக்குத்தான் போகும். பெரியவர்கள் படுக்கப் போகும்போது சுவிட்சை அணைத்துவிட்டால் ஸ்மார்ட் பல்பு செத்த பல்புதான். ஜிக்பீ பல்பாக இருந்தால் சிக்னல் கடத்தும் ஒரு புள்ளியும் அதோடு போய்விடும். சுவிட்ச் பெட்டிக்குப் பின்னால் வைக்கும் ரிலே மாட்யூல் (ஹப் சொல்லும்போது மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சின்னக் கருவி) போட்டால் பழைய சுவிட்சும் வேலை செய்யும், ஹப்பும் வேலை செய்யும். கலர் லைட் வேண்டிய ஓரிரு இடத்துக்கு மட்டும் பல்பு போதும்.

மாட்யூலுக்குப் பெட்டிக்குள் நியூட்ரல் வயர் வேண்டும். பிளக் பாயிண்ட் சேர்ந்த போர்டாக இருந்தால் நியூட்ரல் நிச்சயம் இருக்கும். படிக்கட்டு, பாத்ரூம் வாசல் போன்ற ஒற்றைச் சுவிட்ச் பெட்டிகளில் பெரும்பாலும் இருக்காது. நியூட்ரல் வேண்டாத மாட்யூலும் உண்டு, ஆனால் சின்ன எல்இடி பல்பு அணைத்த பிறகும் மினுக்மினுக்கென்று எரியும். அதற்குப் பல்போடு இணைக்கும் கெபாசிட்டர் தனியாக வாங்க வேண்டிவரும். எர்த்தை நியூட்ரலாகப் பயன்படுத்தச் சொல்லும் எலக்ட்ரீஷியனை அப்படியே அனுப்பிவிடுங்கள். உயிருக்கு ஆபத்து.

ஃபேனுக்கு லைட் டிம்மர் மாட்யூல் ஆகாது, ஃபேனுக்கென்றே உள்ளதை வாங்குங்கள். பிஎல்டிசி ஃபேனுக்கு ரெகுலேட்டரே கூடாது. கழற்றிவிட்டு நேர் சப்ளை கொடுங்கள்.

7. பிளக் வைஃபையில சேரவே மாட்டேங்குது. போன்ல மட்டும் நல்லா நெட் வருதே?

போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கும், பிளக்குக்கோ 2.4 மட்டும்தான் தெரியும். ரூட்டரில் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் சேர்க்கும்போது குழப்பம் வரும். 2.4-க்குத் தனிப் பெயர் கொடுத்து, போனையும் அதில் வைத்துக்கொண்டு சேருங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் டபிள்யூபிஏ2-க்கு மாற்றுங்கள். விருந்தினர் வைஃபையில் பொருட்களைப் போட்டால் அவை ஒன்றையொன்று பார்க்க முடியாது. ஹப்பும் அவற்றைப் பார்க்காது.

8. மேட்டர் போட்ட பல்பை முதல்ல அலெக்ஸாவுல சேத்துட்டேன். இப்ப ஹப்புக்குக் குடுக்க முடியுமா?

முடியும். ஒரே மேட்டர் பொருள் ஒரே நேரத்தில் பல ஆப்களுக்குக் கட்டுப்படும். பல்பின் மேல் உள்ள 11 இலக்கக் குறியீடு முதல் தடவைக்குத்தான். இரண்டாவது இடத்துக்கு, முதலில் சேர்த்த ஆப்பைத் திறந்து அந்தப் பொருளுக்குப் புதிய இணைப்புக் குறியீடு கேளுங்கள். அது சில நிமிடங்களே செல்லும். போனில் புளூடூத் ஆன், ரூட்டரில் ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி) ஆன். இரண்டில் ஒன்று அணைந்திருந்தாலும் பாதியில் சுற்றிக்கொண்டே நிற்கலாம்.

சீலிங்கில் மாட்டுவதற்கு முன் குறியீட்டைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏணி வைத்து ஏறிக் கழுத்தை ஒடித்துப் படிக்கிறவர்கள்தான் அதிகம்.

9. மாடியில வெச்ச ஜிக்பீ சென்சார் ரெண்டு நாளைக்கொருக்கா காணாம போயிடுது. ஏன்?

பெரும்பாலும் மூன்று காரணங்கள். முதலாவது, டாங்கிளை யுஎஸ்பி 3 போர்ட்டில் நேராகச் செருகியிருப்பது. நீல நிறப் போர்ட்டுகளும் எஸ்எஸ்டி கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் எழுப்பும். 4-ல் சொன்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் இதற்குத்தான். டாங்கிளைப் பெட்டியிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

இரண்டாவது, கடத்த ஆள் இல்லாமை. பேட்டரி சென்சார்கள் சிக்னலைக் கடத்தாது. கான்கிரீட் தளம் ஒன்றைத் தாண்ட வேண்டுமானால் படிக்கட்டுத் திருப்பத்தில் ஒன்று, மாடி ஹாலில் ஒன்று என்று ஜிக்பீ பிளக் செருகுங்கள். முதலில் பிளக்குகள், பிறகு சென்சார். சென்சாரை ஹப் பக்கத்தில் வைத்துச் சேர்த்துவிட்டு மாடிக்குத் தூக்கிப் போகாமல், அது இருக்கப்போகும் இடத்திலேயே சேருங்கள்.

மூன்றாவது, வைஃபை நெரிசல். அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டை போல வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் தெருவில் பக்கத்து வீட்டு வைஃபையும் உங்கள் வீட்டுக்குள் இருக்கும். வைஃபை சேனல் 1, ஜிக்பீயின் 11 முதல் 14 வரை மறைக்கும். 6 என்பது 16 முதல் 19 வரை, 11 என்பது 21 முதல் 24 வரை. உங்கள் ரூட்டரை 1-ல் நிறுத்தி ஜிக்பீயை 20 அல்லது 25-ல் வையுங்கள். வைஃபையின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாகக் குறையுங்கள். பொருட்கள் சேர்ந்த பிறகு ஜிக்பீ சேனலை மாற்றினால் சிலதை மறுபடி சேர்க்க நேரும், எனவே முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள்.

10. கரண்ட் போயி வந்தா நடுராத்திரி எல்லா லைட்டும் பளிச்சுனு எரியுது. என்ன பண்றது?

ஒவ்வொரு பொருளின் அமைப்பிலும் ‘பவர் ஆன்’ நிலை என்று ஒன்று இருக்கும். லைட்டுக்கு ‘கடைசி நிலை’, கீசருக்கு எப்போதும் ‘ஆஃப்’, ஃப்ரிட்ஜ் பிளக்குக்கு ‘ஆன்’. கீசரை மட்டும் மறக்காதீர்கள்.

ஹப், ரூட்டர், ஃபைபர் பெட்டி மூன்றும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கட்டும். இன்வெர்ட்டர் மாறும் நொடியில் ரூட்டர் அணைந்து எழுந்தால் இன்வெர்ட்டரை யுபிஎஸ் மோடுக்கு மாற்றுங்கள், அல்லது 12 வோல்ட் மினி யுபிஎஸ் போடுங்கள். வாங்குமுன் ரூட்டர் அடாப்டரில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து அதற்குக் குறையாததாக வாங்குங்கள்.

யாரும் யோசிக்காத ஒன்று: இன்வெர்ட்டர் லைன் பெரும்பாலும் லைட், ஃபேனுக்குத்தான். சிக்னல் கடத்தும் ஜிக்பீ பிளக்கை இன்வெர்ட்டர் இல்லாத பாயிண்டில் செருகியிருந்தால், மாதாந்திர ஷட்டவுன் அன்று காலையில் அது அணையும், மாடி சென்சார் எல்லாம் அனாதையாகும். கடத்தும் பொருட்களை இன்வெர்ட்டர் பாயிண்டிலேயே வையுங்கள்.

11. ஏற்காட்டுல எஸ்டேட் பங்களா. கல் சுவரு, நெட் வந்தா உண்டு. அங்க இது ஆகுமா?

ஆகும், அங்கேதான் 4-ல் சொன்ன வகை ஹப் உண்மையில் உதவும். நெட்டே இல்லாவிட்டாலும் ஜிக்பீயும் விதிகளும் ஓடும். ஆனால் ஒரு சிக்கல். ராஸ்பெர்ரி பை 4-க்குள் கடிகார பேட்டரி கிடையாது. நெட் இல்லாதபோது கரண்ட் போய் வந்தால் மணி தெரியாமல் முழிக்கும், காலை 5 மணிக்கு ஓட வேண்டிய கீசர் எப்போது ஓடும் என்று சொல்ல முடியாது. மலைக்கு மினி பிசிதான் சரி, அதன் போர்டிலேயே கடிகார பேட்டரி உண்டு.

பழைய கல் சுவரை வைஃபை எளிதில் தாண்டாது. ஒவ்வொரு அறைக்கும் ஒரு ஜிக்பீ பிளக் என்று கணக்கு வைத்து, கதவு நேர்க்கோட்டில் செருகுங்கள். பங்களாவுக்கும் காவலாளி வீட்டுக்கும் இடையே லேன் கேபிள் இழுக்காதீர்கள். கோடை இடிமழையில் அருகில் விழும் மின்னல் அந்தச் செம்புக் கம்பி வழியாகவே இரண்டு பக்கமும் உள்ள பெட்டிகளைச் சுட்டுவிடும். ஃபைபர் கேபிள் இழுத்து இரண்டு முனையிலும் ஃபைபரை லேனாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் வையுங்கள். மெயின் போர்டில் சர்ஜ் புரொடெக்டர் போடுங்கள், எர்த் சரியில்லாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

வெளியில் வைப்பதெல்லாம் தூசியும் தண்ணீரும் புகாத ஐபி65 பெட்டிக்குள், வயர் நுழையும் துளை கீழ்ப்பக்கம். தொங்கும் வயரைக் குரங்கு விட்டுவைக்காது, குழாய்க்குள் இழுங்கள்.

12. பழைய ஏசி, டிவி இதுக்கெல்லாம்?

ரிமோட்டைப் போலவே கண்ணுக்குத் தெரியாத ஐஆர் (அகச்சிவப்பு) ஒளியில் கட்டளை அனுப்பும் ஐஆர் பிளாஸ்டர் ஒன்று வாங்கி அறையில் ஏசியைப் பார்த்தபடி வையுங்கள். உங்கள் ரிமோட் ஐஆர் தானா என்று தெரிய, போனின் செல்ஃபி கேமராவைப் பார்த்து ரிமோட்டை அழுத்துங்கள். முனையில் ஊதா வெளிச்சம் தெரிந்தால் ஐஆர். பிளாஸ்டர் கட்டளை அனுப்பும், ஏசி உண்மையில் ஓடுகிறதா என்று அதற்குத் தெரியாது. மின்சாரம் அளக்கும் 16 ஆம்பியர் பிளக் வழியாக ஏசியைக் கொடுத்தால் வாட் எண்ணைப் பார்த்து ஹப் தெரிந்துகொள்ளும்.

13. போர் மோட்டரை ஸ்மார்ட் பிளக்குல போட்டுட்டா போதுங்களா?

கூடாது. 1 எச்பி சப்மெர்சிபிள் மோட்டர் ஓடும்போதே 7, 8 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு. பிளக்குக்குள் உள்ள ரிலே ஒட்டிக்கொண்டால் அணைக்கவே முடியாது, டேங்க் வழியும். 2000 வாட் கீசர் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் கீழே, அதற்கு 16 ஆம்பியர் பிளக் போதும். மோட்டர் அந்தக் கணக்கில் வராது.

இருக்கிற ஸ்டார்ட்டர் பெட்டியை அப்படியே விட்டுவிடுங்கள். மின்சாரம் கலக்காத ‘டிரை காண்டாக்ட்’ ரிலே இரண்டு வாங்கி, ஒன்றைப் பச்சைப் பட்டனுக்கு இணையாகவும் இன்னொன்றைச் சிவப்புப் பட்டனோடு தொடராகவும் எலக்ட்ரீஷியனை வைத்து இணையுங்கள். சிவப்புக்கு உள்ளது சாதாரண நிலையில் மூடியிருக்கும் முனையாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரு நொடி மட்டும் இயங்கும்படி அமைத்தால் ஹப் பட்டனை அழுத்துவதாக அர்த்தம். கரண்ட் போய் வந்தாலும் மோட்டர் தானாகக் கிளம்பாது. தண்ணீர் இல்லாமல் ஓடாதபடி காக்கும் டிரை ரன் கருவியைக் கழற்றிவிடாதீர்கள், ஹப் அதற்கு மாற்று அல்ல.

14. கேமராவும் இதுலயே தெரியுமா?

ஆர்டிஎஸ்பி அல்லது ஆன்விஃப் (வேறு கருவிகளுக்கும் படத்தைக் கொடுக்கும் பொது முறைகள்) உள்ள கேமராவாகவோ, கேமரா பதிவுப் பெட்டியான டிவிஆராகவோ இருந்தால் தெரியும். டாப்போவில் ஆப்பின் மேம்பட்ட அமைப்புகளில் ‘கேமரா கணக்கு’ என்று தனிப் பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்கி அதை ஹப்பில் கொடுங்கள். சொந்த ஆப்பில் மட்டும் தெரியும் கேமராக்களை வாங்காதீர்கள்.

15. பெங்களூர்ல இருந்துகிட்டு சேலம் வீட்டைப் பாக்கணும். போர்ட் திறந்தும் வரலையே?

பல ஃபைபர் கம்பெனிகள் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. அதனால் உங்கள் ரூட்டரில் போர்ட் என்ற நுழைவாசலைத் திறந்தாலும் வெளியிலிருந்து வழி கிடையாது. டெயில்ஸ்கேல் என்ற இலவசச் செயலியை ஹப்பிலும் போனிலும் போட்டால் உள்ளிருந்தே இணைப்பு எழும், போர்ட் திறக்கவே வேண்டாம். அதுதான் பாதுகாப்பும்.

16. அமெரிக்காவுல இருந்து பையன் கொண்டாந்த சென்சாரு, பிளக்கு இங்க ஓடுமா?

பேட்டரி ஜிக்பீ சென்சார் ஓடும், அந்த ரேடியோ உலகமெங்கும் ஒன்றுதான். இசட்-வேவ் என்ற இன்னொரு ரேடியோ வகை ஓடாது. அங்கே 908.42 மெகாஹெர்ட்ஸ், இங்கே 865.2. கரண்டில் செருகும் எதுவானாலும் லேபிளில் 100-240 வோல்ட் என்று இருக்க வேண்டும். 120 வோல்ட் மட்டும் என்றால் நம் 230-ல் செருகிய நொடியே புகை.

17. ரூட்டரை மாத்தினா எல்லாத்தையும் மறுபடி சேக்கணுமா?

புதிய ரூட்டருக்குப் பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்து மாறாமல் வைத்தால் வேண்டாம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இடைவெளி எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். ஹப்புக்கு மட்டும் ரூட்டரில் நிலையான ஐபி ஒதுக்கிவிடுங்கள். ஜிக்பீ பொருட்களுக்கு ரூட்டர் மாறியதே தெரியாது.

18. ஹப்பே செத்துப்போனா?

6-ல் சொன்ன மாட்யூல் போட்டிருந்தால் சுவர் சுவிட்ச் வழக்கம்போல வேலை செய்யும், வீடு இருட்டாகாது. ஹோம் அசிஸ்டண்டில் தினசரி பேக்கப்பை இயக்கி, அது ஹப்புக்கு வெளியே, கூகுள் டிரைவிலோ இன்னொரு கணினியிலோ சேரும்படி வையுங்கள். பேக்கப்பைத் திறக்கும் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். அதே டாங்கிளைப் புதுப் பெட்டியில் செருகி பேக்கப்பைத் திரும்ப ஏற்றினால் ஜிக்பீ பொருட்களை மறுபடி சேர்க்க வேண்டியதில்லை.

19. கரண்ட் பில் எகிறிடாதா?

ஹப் 5 வாட் என்று வைத்தால் 60 நாள் பில்லுக்கு 7.2 யூனிட். அணைந்திருக்கும் வைஃபை பல்பு ஒவ்வொன்றும் அரை வாட் என்றால் இருபது பல்புக்கு 14.4 யூனிட். கீசரை மறந்துவிடாமல் ஹப் அணைத்தால் இதைவிட அதிகம் மிச்சம்.

20. எல்லாம் சேத்தாச்சு. ஆனா அணைச்ச லைட்டு தானா எரியுது. பேயா பிசாசா?

இரண்டு எஜமானர்கள். அலெக்ஸாவில் ஒரு ரொட்டீன், டூயா ஆப்பில் ஒரு டைமர், ஹப்பில் ஒரு விதி, மூன்றும் ஒரே லைட்டுக்கு. ஹோம் அசிஸ்டண்டில் நடந்ததையெல்லாம் பதியும் லாக்புக்கில் அந்த லைட்டைத் திறந்து பாருங்கள். விதியின் பெயர் இருந்தால் ஹப் செய்தது. பெயர் எதுவும் இல்லாமல் ‘ஆன்’ என்று மட்டும் இருந்தால் வெளியிலிருந்து வந்தது. விதிகளை ஹப்பில் மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஆப்களில் இருப்பதை அழித்துவிடுங்கள். அலெக்ஸாவுக்கு ஸ்கில் வழியாக ஒன்று, ஹப் வழியாக ஒன்று என்று ஒரே பொருள் இரண்டு தடவை போயிருந்தால் ஸ்கில்லை நீக்குங்கள். ‘ஹால் லைட்’ என்றால் எது என்று அது கேட்பதும் நின்றுவிடும்.

சில பிளக்குகளில் டைமர் பிளக்குக்குள்ளேயே பதிந்துவிடும், போனிலிருந்து ஆப்பைத் தூக்கினாலும் போகாது. ஆப்பை மறுபடி நிறுவி டைமரை அழியுங்கள், அல்லது பிளக்கின் பட்டனை விளக்கு வேகமாக மினுங்கும் வரை அழுத்திப் பிடித்து ரீசெட் செய்து ஹப்பில் புதிதாகச் சேருங்கள். டூயா வகையானால் லோக்கல் கீயையும் 5-ல் சொன்னபடி திரும்ப எடுக்க வேண்டும்.